ஒரு மரபணு இல்லாத எலிகள்

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே எலிகள் வந்து இறங்கிவிட்டன. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஜூன் மாதம். அக்கினி நட்சத்திரம் முடிந்த பிறகும் வெயில் முடியாமல் இருந்த வாரம். விமான நிலையத்துச் சரக்குப் பிரிவில் ஒரு மர பெஞ்சில் நானும் மேடமும் உட்கார்ந்திருந்தோம்.

மேடம் என்று நான் சொல்வது எங்கள் ஆய்வுக்கூடத்தை நடத்திய விஞ்ஞானியை. அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். மயிலாப்பூர்க்காரர். வெளிநாட்டில் சில வருடங்கள் மூளை ஆராய்ச்சி செய்துவிட்டு அடையாறுக்குத் திரும்பி வந்திருந்தார். எப்போதும் பருத்திப் புடவை, மணிக்கட்டில் ஆண்கள் கட்டுகிற மாதிரி ஒரு பெரிய கைக்கடிகாரம். நானோ விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, மேற்கு மாம்பலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் இருபத்திமூன்று வயதுப் பெண். அவருடைய திட்டத்தில் உதவியாளர் வேலை. "எம்.எஸ்ஸி. படிச்சுட்டு எலிப் புழுக்கை அள்ளப் போறியா?" என்று அம்மா இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சரக்குப் பிரிவு அதிகாரி படிவத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, எலியைப் போய் யாராவது ஃபாரின்லேருந்து வரவழைப்பாங்களா? எங்க வீட்டுக்கு வாங்க, சும்மாவே தரேன்."

"உங்க ஆத்து எலில எல்லாம் இருக்கும் சார். இதுல ஒண்ணே ஒண்ணு இல்லை. அந்த இல்லாததுக்காகத்தான் வரவழைச்சிருக்கேன்" என்றார் மேடம்.

"என்ன இல்ல?"

"ஒரு ஜீன். ஒரு ஃபேக்டரில ஆயிரக்கணக்கான பேர் வேலை பாக்கறான்னு வெச்சுக்கோங்கோ. அதுல ஒருத்தர் என்ன வேலை பண்றார்னு தெரியணும்னா என்ன பண்ணுவேள்? அவரை மட்டும் லீவுல அனுப்பிட்டு, எது நின்னு போறதுன்னு பாக்கணும். அது மாதிரி, எலி உருவாகும்போதே அந்த ஒரு ஜீனை மட்டும் எடுத்துட்டா. மத்ததெல்லாம் அப்படியே இருக்கு. இது எதை மறக்கறது, எதைக் கத்துக்க முடியாம தவிக்கறதுன்னு நாங்க பாக்கப்போறோம்."

அதிகாரி சிரித்தார். "எங்க ஆபீஸ்ல யார் லீவு போட்டாலும் ஒண்ணுமே நிக்காது மேடம்."

"அப்படியும் ஆகலாம் சார். அதுவும் ஒரு பதில்தான்."

நான் பல வருடம் படித்த பாடம் எனக்கு அன்றுதான் புரிந்தது. படிவத்தின் ஓரத்தில் முத்திரை குத்தும் வரை அந்த அதிகாரி கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். மேடமும் ஒரு கேள்வியைக்கூடத் தட்டிக்கழிக்கவில்லை.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது, வெளியே வராந்தாவில் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஈரக் கோணியை மடித்துப் பெட்டிகளுக்கு நிழலாகப் பிடித்திருந்தார். வெயில் நகர நகர அவரும் பெட்டிகளோடு நகர்ந்தார். அவர்தான் எங்கள் அனிமல் ஹவுஸைக் கவனித்துக்கொண்டவர். முப்பத்தைந்து வயது, ஈக்காட்டுத்தாங்கலில் வீடு, பத்தாம் வகுப்பு வரை படிப்பு. கூண்டு கழுவுவது, உமி மாற்றுவது, தீனி போடுவது, எந்த எலி எப்போது குட்டி போட்டது என்று எழுதி வைப்பது எல்லாம் அவர் வேலை. நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன்.

"எல்லாம் உயிரோட கீதும்மா" என்றார் என்னைப் பார்த்ததும். "ஒண்ணு மட்டும் கொஞ்சம் டல்லா கீது. தண்ணி காட்டினா சரியாப்பூடும்."

சரியாகத்தான் போனது.

*

அந்த எலிகளைப் பார்த்தபோது எனக்கு முதலில் ஏமாற்றம்தான். ஏதோ வித்தியாசமாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். மரபணு உள்ளதும் இல்லாததும் ஒரே நிறம், ஒரே எடை, ஒரே சுறுசுறுப்பு. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பிகள். வால் நுனியில் ஒரு துளி எடுத்து, அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, ஜெல்லில் ஓடவிட்டு, ஊதா விளக்கில் கோடு எங்கே விழுகிறது என்று பார்த்தால்தான் எது எந்த வகை என்று தெரியும். முடிவு என் நோட்டில் மட்டும் இருக்கும். அண்ணனுக்குச் சொல்லக் கூடாது. சோதனை முடியும் வரை நானும் அந்தப் பக்கத்தைத் திறக்கக் கூடாது, மேடமும் கேட்க மாட்டார். யாருக்கு எது குறை என்று தெரிந்துவிட்டால் நம் கண் நாம் நினைத்ததையே பார்க்கும் என்பார்.

முக்கியமான சோதனை நீச்சல். ஈக்காட்டுத்தாங்கலில் அண்ணனுக்குத் தெரிந்த பட்டறையில் ஃபைபர் கிளாஸில் ஒரு பெரிய வட்டத் தொட்டி செய்து வாங்கினோம். ஓர் ஆள் கையை விரித்துப் படுக்கலாம், அவ்வளவு அகலம். அதில் தண்ணீர் நிரப்பிப் பால் பவுடரைக் கலக்கி வெள்ளையாக்குவோம். தண்ணீருக்குள், மட்டத்துக்குச் சற்றுக் கீழே, கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு சின்ன மேடை இருக்கும். எலியை விட்டால் நீந்தும். மேடை எங்கே என்று முதல் நாள் அதற்குத் தெரியாது. தற்செயலாகக் கால் பட்டால் ஏறி நின்றுகொள்ளும். நாலைந்து நாளில், எந்தப் பக்கத்திலிருந்து விட்டாலும், அறைச் சுவரில் இருக்கும் அடையாளங்களைப் பார்த்து நேராக மேடைக்கே போய்விடும். நினைவு என்று நாம் சொல்வதை அந்த நீச்சலில் கண்ணால் பார்க்கலாம்.

அடையாளங்களுக்காகச் சுவரில் ஒரு கறுப்புக் குடை, ஒரு சிவப்பு பக்கெட் மூடி, தி. நகர் நகைக்கடை கொடுத்த ஒரு பெரிய மாதக் காலண்டர் மூன்றையும் மாட்டியிருந்தோம். சோதனை முடியும் வரை எதையும் தொடக் கூடாது. காலண்டர் தாளைத் திருப்பினால் எலிக்கு அது வேறு சுவர். அதனால் அந்த அறையில் மட்டும் மாதக்கணக்கில் செப்டம்பர்தான்.

இதைச் செய்த வெளிநாட்டுக் கூடங்களில் தண்ணீரை எப்படிச் சூடாக வைத்திருப்பது என்பதுதான் கவலையாம். எங்களுக்கு நேர்மாறு. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் மதியம் கை வைக்க முடியாது. அண்ணன் சைக்கிளில் போய் ஐஸ் பார் வாங்கி வந்து உடைத்துப் போடுவார். பால் பவுடர் கலந்த தண்ணீர் அந்த வெயிலில் சாயங்காலத்துக்குள் புளித்து நாறும். தினமும் இறைத்துக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். தண்ணீருக்கு லாரிதான். லாரி வராத நாளில் சோதனை இல்லை. வீட்டுக்குப் போனால் அம்மா மூக்கைப் பிடித்துக்கொள்வாள்.

ஆனால் அந்த எலிகள்! ஒரு ரூபாய் நாணயத்தின் மேல் உட்காரும் அளவே இருக்கும் தலை. அதற்குள் ஓர் அறையின் வரைபடம் எழுதப்படுகிறது. மேடையில் ஏறி நின்று, ரோமம் சொட்டச் சொட்ட, பின்னங்காலில் எழுந்து குடையையும் காலண்டரையும் திரும்பித் திரும்பிப் பார்க்கும். மனப்பாடம் செய்கிற பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம். துண்டில் சுற்றித் துடைக்கும்போது என் உள்ளங்கையில் அதன் நெஞ்சு தடதடவென்று அடிப்பதை உணர்வேன்.

ஏழெட்டு மாதத்தில் முடிவு வந்தது. மரபணு உள்ள எலிகளில் பெரும்பாலானவை கற்றுக்கொண்டன. இல்லாதவற்றில் பல கற்றுக்கொள்ளவே இல்லை. தொட்டியின் ஓரமாகவே சுற்றிச் சுற்றி நீந்தின. ஐந்தாம் நாளும் முதல் நாள் மாதிரியே இருந்தன. ஒரே ஒரு மரபணு போனதும் இட ஞாபகமே போய்விட்டது! மேடம் நான் வரைந்த வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளியையும் பென்சிலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "ரொம்ப சுத்தமா இருக்கு" என்று மட்டும் சொன்னார். அதை மகிழ்ச்சி என்று நான் எடுத்துக்கொண்டேன். சந்தேகம் என்று இப்போது தோன்றுகிறது.

கட்டுரை எழுதி, தட்டச்சு செய்து, மூன்று பிரதிகளை ஒரு பழுப்பு உறையில் போட்டு மேடம் மேஜையில் வைத்தாயிற்று. திங்கட்கிழமை கூரியரில் ஒரு வெளிநாட்டு ஆய்விதழுக்குப் போக வேண்டும்.

*

வெள்ளிக்கிழமை மதியம் நான் அனிமல் ஹவுஸில் கூண்டு எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கை துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றார்.

"யம்மா, ஒண்ணு சொன்னா தப்பா நினைச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்கண்ணே."

"இதுங்கள்ல சிலதுக்குக் கண்ணு தெரியல."

எனக்குச் சிரிப்பு வந்தது. "கண்ணெல்லாம் பளபளன்னுதான் இருக்கு அண்ணே."

"பளபளன்னுதான் கீது. ஆனா தெரியல. மூடியத் தொறந்து கைய மேல கொண்டாந்தா மத்த எலிங்க சட்டுனு பதுங்கும். இதுங்க சொம்மா தின்னுகினு கீதுங்க. கை மேல பட்டாத்தான் துள்ளுது. தோ, பாரு."

ஓர் எலியின் வாலைப் பிடித்துத் தூக்கி மெதுவாக மேஜையை நோக்கி இறக்கினார். மேஜைக்கு இரண்டு விரற்கடை இருக்கும்போதே அது முன்னங்கால்கள் இரண்டையும் நீட்டி அதை எட்டப் பார்த்தது. நாம் படியிறங்கும்போது காலை நீட்டுவோமே, அது மாதிரி. அதைக் கூண்டில் விட்டுவிட்டு வேறொன்றை எடுத்தார். அதே வேகத்தில் இறக்கினார். அது காலை நீட்டவே இல்லை. மீசை முடி மேஜையில் பட்ட பிறகுதான் திடுக்கிட்டுக் கால் விரித்தது.

"வாரத்துக்கு ரெண்டு தபா கூண்டு மாத்தறேன். எல்லாத்தையும் வாலப் புடிச்சித்தான் தூக்கறேன். எது எப்டின்னு கைக்கே தெரியும்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இருவருமாக ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தோம். காலை நீட்டாதவற்றை அவர் தனிக் கூண்டுகளில் போட்டார். பதினொன்று சேர்ந்தன. எது எந்த வகை என்று அவருக்குத் தெரியாது. நான் என் நோட்டைத் திறந்தேன். ஏழு மரபணு இல்லாதவை. மீதி நான்கு மரபணு உள்ள, சாதாரண எலிகள். அந்த நான்கின் எண்ணுக்கு நேரே நான் என்ன எழுதியிருந்தேன் என்று பார்த்தேன். "மந்தம்" என்று எழுதியிருந்தேன். ஓரமாகவே சுற்றியவை. நூற்றில் சில அப்படி இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சுவரில் இருக்கும் குடையையும் காலண்டரையும் பார்க்கவே முடியாத எலி, மேடை எங்கே என்று எப்படிக் கற்றுக்கொள்ளும்?

நோட்டைச் சட்டென்று மூடினேன். அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒரு சோதனை உண்டு. மேடையின் மேல் ஒரு சின்னக் கொடியைக் குத்தி, வெளியே தெரியும்படி வைத்து எலியை நீந்தவிட வேண்டும். ஞாபகமே வேண்டாம், கண் இருந்தால் போதும், கொடியைப் பார்த்துப் போய்விடும். பார்வைக்கும் நீச்சலுக்கும் அதுதான் அத்தாட்சி. அந்த வாரம் லாரி இரண்டு நாள் வரவில்லை. பாதி எலிகளோடு நிறுத்திவிட்டேன். மேடம் கேட்டபோது, "முடிஞ்சுது மேடம்" என்று சொல்லியிருந்தேன். அந்தப் பாதியில் ஓரிரண்டு எலிகள் கொடியைத் தவறவிட்டபோது, களைப்பு என்று எழுதிவிட்டேன்.

மேடம் அன்று ஊரில் இல்லை. சனிக்கிழமை காலையில்தான் வருவார். அன்று வீட்டுக்குப் போய் நான் சரியாகச் சாப்பிடவில்லை. உறையை அப்படியே போகவிட்டால் யாருக்குத் தெரியும் என்ற நினைப்பு எனக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அண்ணனுக்குத் தெரியும். அவர் முகத்தில் இனி எப்படி விழிப்பது?

சனிக்கிழமை காலை இருவரும் மயிலாப்பூருக்கு பஸ் ஏறினோம். குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் மேடத்தின் வீடு. கூடத்தில் அவர் கணவர் நாலைந்து பெண்களுக்கு வீணை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மேடம் எங்களை உள்ளறைக்கு அழைத்துப் போய்க் காப்பி கொண்டுவந்து வைத்தார். அண்ணன் நின்றுகொண்டே இருந்தார். "உக்காருங்கோ" என்று இரண்டு முறை சொன்ன பிறகு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்து அறையில் ஒரே வரிசையைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"கொடி டெஸ்ட் எத்தனை எலிக்குப் பண்ணினே?" என்றார் மேடம்.

"பாதிக்குத்தான் மேடம்."

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"எந்தப் பாதி?"

அவ்வளவுதான் கேட்டார். கோபப்படுவதற்கு முன்னால் அவருக்குத் தெரிய வேண்டியது அதுதான். எண்களைச் சொன்னேன். ஒரு தாளில் எழுதிக்கொண்டார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"நீங்க எத்தனை நாளா இதைப் பாத்துண்டிருக்கேள்?"

"ரெண்டு மாசமா மேடம்."

"ஏன் சொல்லலை?"

"யாரும் கேக்கல மேடம். நான் தீனி போடற ஆளு. படிச்சவங்களுக்குத் தெரியாமயா இருக்கும்னு நினைச்சுகினேன். நேத்து அந்தக் கவர் போவப் போவுதுன்னு கேள்விப்பட்டேன். அதான் மனசு கேக்கல."

மேடம் பேனாவை மூடினார். "ஒரு வருஷமா தினம் உங்களைப் பாக்கறேன். எலி எப்படி இருக்குன்னு கேட்டிருக்கேன். என்ன பாத்தேள்னு கேக்கவே இல்லை. என் தப்புதான்" என்றார்.

உடனே ஆட்டோ பிடித்து மூவரும் அடையாறு போனோம். கூண்டு எண்களை மறைத்துவிட்டு எல்லா எலிகளையும் மேடமே ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தார். அதே பதினொன்று. பிறகு லாரித் தண்ணீர் கொஞ்சம் மிச்சமிருந்ததால் கொடியை வைத்து அவற்றை நீந்தவிட்டார். கண்ணெதிரே ஆடிக்கொண்டிருந்த கொடியைத் தாண்டிப் பதினொன்றும் ஓரமாகவே சுற்றின.

மேஜைக்கு வந்து பழுப்பு உறையைப் பிரித்து, மூன்று பிரதிகளையும் வெளியே எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பின்பக்கம் காலியா இருக்கு. டேட்டா எழுத ஆகும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்னை வேலைய விட்டு அனுப்பிடுவீங்களா மேடம்?"

"அனுப்பிட்டு? புதுசா ஒருத்தி வந்து திரும்ப இதே தப்பைப் பண்ணணுமா? நீ இனிமே பண்ண மாட்டே" என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "கேன்டீன் மூடறதுக்குள்ள போய்ச் சாப்பிடுவோம், வாங்கோ" என்று எழுந்தார்.

*

காரணம் சில வாரத்தில் தெரிந்தது. எங்கள் எலிகள் இரண்டு வம்சங்களைக் கலந்து வந்தவை. அதில் ஒரு வம்சத்தில், பழுதான இன்னொரு மரபணு யாருக்கும் தெரியாமல் ஒளிந்திருந்தது. அம்மா வழியிலும் அப்பா வழியிலும் அது சேர்ந்து வந்துவிட்டால், பிறந்த சில வாரங்களில் விழித்திரை செத்துவிடும். வெளியே பார்த்தால் கண் பளபளவென்றே இருக்கும். வந்து இறங்கியவை சில ஜோடிகள்தான். எந்த ஜோடி அதிகமாகக் குட்டி போட்டதோ அதன் வழியாகக் குருடும் அதிகம் பரவியிருந்தது. மனிதர்கள் பார்த்துப் பார்த்து ஒரு மரபணுவை எடுத்தார்கள். யாரும் பார்க்காமல் இன்னொன்று கெட்டிருந்தது. நாங்கள் இரண்டாவதின் வேலையை முதலாவதின் கணக்கில் எழுத இருந்தோம்.

எலிகளை அனுப்பிய கூடத்துக்கு மேடம் அன்றே ஒரு ஃபாக்ஸ் அடித்தார். தான் செய்ய இருந்த தவற்றையும் அதில் மறைக்காமல் எழுதினார். அந்த வம்சத்தை இன்னும் பலருக்குக் கொடுத்திருப்பதாகவும், எல்லோருக்கும் சொல்லிவிடுவதாகவும் நன்றியோடு பதில் வந்தது.

பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தோம். குருட்டு மரபணுவைக் கழித்துக்கட்டி, நல்ல கண் உள்ள வம்சத்தைப் பெருக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. துறைத் தலைவர் ஒவ்வொரு மாதமும், "கட்டுரை என்னாச்சு?" என்று கேட்பார். "எலி பெரிசாகணும் சார்" என்பார் மேடம். இந்த முறை எந்த எலியும் தொட்டிக்கு வருமுன் அண்ணன் கையால் மேஜையில் இறங்கித் தேற வேண்டும். அவருக்கென்று ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தார் மேடம். "என்ன வேணா எழுதுங்கோ. முக்கியமா இல்லையான்னு யோசிக்க வேண்டாம்" என்றார். அண்ணன் பக்கம் பக்கமாகத் தமிழில் எழுதினார்.

கொடி சோதனையை நான் கடைசி எலி வரை செய்தேன். லாரி வராத நாட்களில் பக்கத்துக் குடியிருப்பின் கிணற்றில் கெஞ்சி இறைத்தேன்.

இந்த முறை வந்த முடிவை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. மரபணு இல்லாத எலிகள் நன்றாகவே கற்றுக்கொண்டன. ஐந்தாம் நாள் இரண்டு வகைக்கும் வித்தியாசமே இல்லை. சரக்குப் பிரிவு அதிகாரி சொன்னதுபோல், ஆள் லீவில் போயும் எதுவும் நிற்கவில்லை. நான் சோர்ந்துபோனேன். மேடம் சோரவில்லை. "மேடையை எதிர்ப்பக்கம் மாத்தி வெச்சுப் பாப்போம்" என்றார்.

மாற்றினோம். சாதாரண எலிகள் பழைய இடத்துக்குப் போய், மேடை இல்லை என்று கண்டதும் ஒரு சுற்றுச் சுற்றிப் புது இடத்தைத் தேடின. இரண்டு நாளில் பழகிவிட்டன. மரபணு இல்லாதவை பழைய இடத்தை விட்டு நகரவே இல்லை. அதே இடத்தில் வட்டமடித்தன. மேடை அங்கேதான் இருந்தாக வேண்டும் என்பதுபோல் முங்கிப் பார்த்தன. மறுநாளும், அதற்கு மறுநாளும். கற்றது அழியவில்லை. கற்றதைக் கைவிடத்தான் அவற்றால் முடியவில்லை.

அண்ணன் தொட்டி விளிம்பில் கை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க நைனா மாதிரி கீது மேடம். சைதாப்பேட்டைலேந்து வூடு மாத்திகினு வந்து ஒரு வருஷமாச்சு. இன்னும் பஸ்ஸுல சைதாப்பேட்டைலயே எறங்கிகினு, அப்பால நடந்து வராரு."

மேடம் சிரித்த சிரிப்பில் ஓர் எலியின் நீச்சல் நேரத்தைக் குறிக்கத் தவறி, அதை மறுபடி விட வேண்டியதாயிற்று.

கட்டுரை எழுதி முடித்தபோது, ஆசிரியர் பெயர்களில் அண்ணனின் பெயரும் இருந்தது. மேடம், அவர், நான். துறைத் தலைவர் என் முன்னாலேயே கேட்டார்: "பத்தாவது படிச்ச அட்டெண்டர் பேரை இதுல போட்டா வெளியில சிரிக்க மாட்டாங்களா?"

"அவர் இல்லாம போன தடவை அனுப்பியிருந்தா சிரிச்சிருப்பா சார்" என்றார் மேடம். ஆய்விதழ்க்காரர்கள் அனுப்பிய படிவத்தில் எல்லா ஆசிரியர்களும் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, தமிழில், அழகாகப் போட்டார்.

அச்சாகி வந்த அன்று சாயங்காலம் மேடம் எங்கள் இருவரையும் பெசன்ட் நகர் கடற்கரைக்கு அழைத்துப் போனார். அண்ணன் தன் பிரதியை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு மார்போடு அணைத்து வைத்திருந்தார். மணலில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றோம். கடலில் விளையாடும் குழந்தைகளை மேடம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்த ஜீன் இல்லாத தாய் எலிங்க குட்டிய நல்லாத்தான் பாத்துக்குது" என்றார் அண்ணன். "ஒண்ணு மட்டும் புரியல. கூண்டு கழுவறப்போ நான் பஞ்சுக் கூட்ட அடுத்த மூலைக்கு மாத்தி வெப்பேன். மத்த தாய்ங்க அங்கியே படுத்துக்கும். இதுங்க மட்டும் ஒவ்வொரு குட்டியா வாயில கவ்விகினு, ஒண்ணுமே இல்லாத பழைய மூலைக்குத் தூக்கிகினு போவுதுங்க. நான் மறுபடி மாத்தினா மறுபடியும்."

மேடம் பஜ்ஜியைக் கீழே வைத்தார்.

"எத்தனை தாய்? எத்தனை தடவை? கூண்டோட வெறுந்தரைலயா, உமி மேலயா? சாதாரண எலி ஒண்ணாவது அப்படிப் பண்ணித்தா?"

"நோட்டுல எழுதி வெச்சிருக்கேன் மேடம்."

"நாளைக்குக் காத்தால அதை எடுத்துண்டு வாங்கோ. நீங்களே சொல்லுங்கோ, நாங்க எழுதிக்கறோம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பேப்பர் இருக்கா?" என்றார். என் பையில் பேனா மட்டும்தான் இருந்தது. பஜ்ஜி மடித்த செய்தித்தாளின் எண்ணெய் படாத ஓரத்தைக் கிழித்து அவரிடம் கொடுத்தேன். அண்ணன் மணலில் விரலால் ஒரு கூண்டை வரைந்து, கூடு எந்த மூலையில் இருந்தது என்று காட்டத் தொடங்கினார். நாங்கள் இருவரும் குனிந்து பார்த்தோம்.